பேதியாகும் குழந்தைக்கு போஸ்ட்பயாடிக்... முதலில் கொடுக்க வேண்டியது எது?

புரோபயாடிக் என்ற பெயர் வாயில் நுழைவதற்குள் போஸ்ட்பயாடிக் வந்துவிட்டது. முன்னது உயிருள்ள நல்ல பாக்டீரியா. பின்னது, சூடுபடுத்தியோ வேறு முறையிலோ உயிரிழக்கச் செய்த பாக்டீரியா. உடலுக்குப் பலன் உண்டு என்று நிரூபணமானால்தான் அந்தப் பெயர் என 2021-ல் நிபுணர் குழு வரையறுத்தது.

அப்படியானால் இட்லி? மாவைப் புளிக்கவைத்த பாக்டீரியா ஆவியில் செத்துவிடுகிறதே! ஆனால், எந்த வகை, எவ்வளவு என்று அளந்து பலன் நிரூபிக்கப்படாததால் அது இந்தப் பட்டியலில் சேராது.

செத்த பாக்டீரியாவின் மேலுறையைக்கூட குடலின் எதிர்ப்பு செல்கள் அடையாளம் கண்டுகொள்ளும். இன்னொரு வசதி, அது உடலுக்குள் பெருகாது. 2023-ல் புரோபயாடிக் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தை ஒன்று, அதே பாக்டீரியா தொற்றி இறந்ததையடுத்து, அமெரிக்காவின் எஃப்.டி.ஏ மருத்துவமனைகளை எச்சரித்தது. போஸ்ட்பயாடிக் மீது கவனம் கூடியதற்கு இந்த பயமும் ஒரு காரணம்.

பத்து மாதக் குழந்தைக்குப் பேதி கண்டு தவித்த ஓர் இளம் தாய்க்கு இதெல்லாம் தெரியாது. நாத்தனார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாக்கெட் படத்தை மருந்துக்கடையில் நீட்டினார்.

“ஓ.ஆர்.எஸ் கொடுத்தீங்களாம்மா?” என்றார் கடைக்காரர்.

கொடுக்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும் என்று மாமியார் சொன்னதால், காலையிலிருந்து தாய்ப்பாலையும் குறைத்திருந்தார். குழந்தையின் நாக்கு வறண்டிருந்தது.

“உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க” என்று அனுப்பிவைத்தார் கடைக்காரர். டாக்டர் சொன்னபடி ஸ்பூன் ஸ்பூனாக ஓ.ஆர்.எஸ் கொடுத்தார். சாயங்காலம் குழந்தை சிறுநீர் கழித்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

சூடுபடுத்திய லாக்டோபேசிலஸ் கொடுத்த சில ஆய்வுகளில் பேதி சற்று சீக்கிரம் நின்றது. எல்லா ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால், பேதியில் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாவது நீரிழப்பு. அதை ஈடுகட்டுவது ஓ.ஆர்.எஸ்தான்.

ஒரு லிட்டர் பாக்கெட்டை, கொதிக்கவைத்து ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். டாக்டர் தரும் ஜிங்க் மருந்தை, பேதி நின்றாலும் 14 நாள்கள் கொடுத்து முடியுங்கள்.

கண்கள் குழிவிழுந்தாலோ, குழந்தை துவண்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். போஸ்ட்பயாடிக் வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஓ.ஆர்.எஸ் அதுவரை காத்திருக்கக் கூடாது.