பூட்டைத் தாங்கும் ஆணி

திண்டுக்கல் என்றதும் வெளியூரார் நினைவுக்கு முதலில் வருவது பூட்டு. 2019ஆம் ஆண்டில் நம் ஊர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதன் நெம்புகளையும் சாவியின் நுட்பத்தையும் புகழாதார் இல்லை. ஆயினும் அதன் தகடுகளை ஒன்றாய்ப் பிணைத்து நிற்கும் சிற்றாணியை நினைப்பவர் மிகச் சிலரே. பட்டறைகளில் அதனை ‘ரிவிட்’ என்பர்; நூல்களில் தறையாணி என்பர்.

திருகாணி இருக்க, ரிவிட் எதற்கு என்று கேட்கலாம். திருகாணியை முடுக்கியவனைப் போலவே பிறனும் கழற்றிவிடுவான். தலை தட்டி மடக்கிய ரிவிட்டையோ அழித்தாலன்றி அகற்ற இயலாது. ஆனால் எந்த ரிவிட்டும் எந்த வேலைக்கும் ஆகும் என்று எண்ணிவிடலாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கு ஒன்றில், கெபியின் அருகிலிருந்த இரும்பு உண்டியல் ஒருநாள் வெறுமையாகக் கிடந்தது. பூட்டோ பூட்டியபடியே இருந்தது. சாவி உபதேசியாரிடம் இருந்தது. பிறகு என்ன? ஊர் வாய் அவரைச் சுற்றியது. இருபது ஆண்டு உழைத்த மனிதர், தலை குனிந்து என் முன் நின்றார்.

பூட்டுத் தொழிலில் முதிர்ந்த பெரியவர் ஒருவரை அழைத்துவரச் செய்தேன். அவர் பூட்டைத் தொடவே இல்லை. நாதாங்கியை மெல்ல அசைத்தார். அது கையோடு வந்தது. “சாமி, பூட்டு நல்ல பூட்டு. அதைத் தாங்கிய ஆணிதான் சரியில்லை” என்றார்.

உண்டியலைச் செய்தவர்கள் அலுமினியப் பாப் ரிவிட்டுகளால் நாதாங்கியைப் பிணைத்திருந்தனர். திருடன் அவற்றைத் துளைத்தெடுத்து, காரியம் முடிந்ததும் தலைகளைத் துளைகளில் செருகிவிட்டுப் போயிருக்கிறான்.

பெரியவர் விளக்கினார். பாப் ரிவிட் உள்ளே குழலானது. ஒரு பக்கமிருந்தே அடித்துவிடலாம். மறுபக்கம் கை எட்டாத மெல்லிய தகட்டு வேலைக்கு அது ஏற்றது, காவலுக்கு ஏற்றதன்று. மேலும், இரும்போடு அலுமினியம் சேர்ந்து ஈரமும் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும். ஆதலால் இரும்புக்கு இரும்பும் பித்தளைக்குப் பித்தளையுமே தகும். நீளத்திற்கும் கணக்கு உண்டு: தகடுகளின் மொத்தக் கனத்திற்கு மேல், ஆணியின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீண்டிருக்க வேண்டும். நான்கு மில்லிமீட்டர் ஆணியாயின் ஆறு மில்லிமீட்டர். குறைந்தால் தலை நிரம்பாது. மிகுந்தால் ஆணி கோணும்.

ஒரே பூட்டுக்குள்ளும் இரு வேலைகள் உண்டு. தகடுகளைப் பிணைக்கும் ஆணி இறுக வேண்டும். நெம்புகள் திரும்பும் ஆணியோ அவற்றை அசையவிட வேண்டும். இடம் அறியாது இறுக்கினால் சாவியே திரும்பாது.

1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலிலும், கசடு மிகுந்த இரும்பு ரிவிட்டுகள் தெறித்ததே சேதத்தைப் பெருக்கியிருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். சிற்றாணியின் தேர்வு சிறு காரியமன்று.

பெரியவர் கெட்டி இரும்பு ரிவிட்டுகளை அடித்து நாதாங்கியைப் புதுப்பித்தார். அடுத்த ஞாயிறு, கழன்ற அந்த ரிவிட்டுகளை மக்கள் முன் காட்டி நடந்ததைச் சொன்னேன். பழி சொன்னவர்களுள் சிலர் உபதேசியாரின் வீடு சென்று மன்னிப்புக் கேட்டனர், சிலர் கேட்கவில்லை.

பூட்டு வாங்கும் அன்பர்களே! பூட்டின் எடையை மட்டும் பாராதீர்கள். அதைத் திருப்பி ரிவிட்டைப் பாருங்கள். வீட்டிற்குச் சென்று நாதாங்கியையும் அசைத்துப் பாருங்கள். வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால், சாவி வைத்திருப்பவரை நோக்குமுன் ஆணியை நோக்குங்கள்.