பக்கத்து மேஜைக் கணக்கு

நேரு பிளேஸில் மூன்றாவது மாடி. பத்துப் பன்னிரண்டு மேஜைகளை வாடகைக்கு விடும் ஒரு அறை. ஜன்னலோர மேஜை என்னுடையது. கீழே இருக்கும் லேப்டாப் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறேன்.

பக்கத்து மேஜையில் இரண்டு பேர். ஒருவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். லோதி எஸ்டேட்டில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்துப் பள்ளியில் படித்தவராம். தமிழில் ஆரம்பிக்கிற வாக்கியத்தை இந்தியில் முடிக்கிறார். மற்றவன் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், ஊரிலிருந்து வந்து அதிக நாள் ஆகியிருக்காது. என் மீசையைப் பார்த்து ஹரியானாக்காரர் என்று முடிவு செய்துவிட்டார்கள். நானும் திருத்தவில்லை. டெல்லியில் தமிழர்கள் மனம்விட்டுத் தமிழ் பேசுவதெல்லாம் பக்கத்தில் தமிழர் இல்லை என்கிற நம்பிக்கையில்தான்.

சதர் பஜார் மொத்த வியாபாரி ஒருவருக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறார்கள். கோடு எழுத கிளாட் கோட் என்கிற ஏஐ உதவியாளர். அதற்குக் கூலி டோக்கன் கணக்கில். டோக்கன் என்பது முழுச் சொல்லும் இல்லை, தனி எழுத்தும் இல்லை; சொல்லை உடைத்த துண்டு. ஆங்கிலத்தில் சராசரியாக நான்கு எழுத்துக்கு ஒரு துண்டு விழும். நாம் அனுப்புவதற்கு ஒரு விலை, அது எழுதித் தருவதற்கு வேறு விலை. கிளாட்டின் சானெட் வரிசையில் வந்த மாடல்களுக்குப் 10 லட்சம் டோக்கன் உள்ளே போக 3 டாலர், வெளியே வர 15 டாலர். ஐந்து மடங்கு. அதனால்தான் பையன் “ஃபைலை முழுசா எழுதித் தா” என்று கேட்கும்போதெல்லாம் பெரியவர் முகம் சுளிக்கிறார். மாறின வரி போதும் அவருக்கு.

“அண்ணே, லாக் முழுசும் போட்டுட்டேன். அதுவே பாத்துக்கிடும்.”

“எத்தனை வரி?”

“எண்ணலைண்ணே. நாலாயிரம் இருக்கும்.”

“தப்பு எங்க வந்திருக்கு?”

“கடைசிலதான்.”

“அரே, கடைசிலன்னு உனக்கே தெரியுது. அப்புறம் எதுக்கு முதல்லேர்ந்து படிக்கச் சொல்லிக் காசு குடுக்கறே?”

பையன் கடைசி முப்பது வரியை மட்டும் வெட்டி ஒட்டினான். எனக்கு எழுந்து போய் அவர் கையைக் குலுக்கலாம் போலிருந்தது. ஒரு பில் சரியில்லை என்பதற்கு ஒரு வருடத்து வவுச்சர் மூட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டுகிற கடைக்காரர்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்.

பையனுக்கு இன்னொரு பழக்கம். காலையில் திறந்த உரையாடலைச் சாயங்காலம் வரை மூடமாட்டான். அந்த மாடலுக்குச் சொந்தமாக ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு கேள்வியோடும் அதுவரை பேசியது அத்தனையும் திரும்ப அனுப்பப்படுகிறது. பத்து மணிக்குத் தேதி வடிவத்தைப் பற்றிப் பேசியது, மதியம் பிரிண்டரோடு மல்லுக்கட்டியது எல்லாம் மூன்று மணிக் கேள்வியின் முதுகில் ஏறிக்கொண்டு போகும், ஒவ்வொரு தடவையும்.

“விஷயம் மாறினா கிளியர் போடு.”

“எல்லாம் மறந்துரும்லாண்ணே?”

“மறக்கட்டும். மறக்கக்கூடாதது நாலு வரி இருக்கும். அதை எழுதி வை, பஸ், அவ்வளவுதான்.”

எழுதி வைப்பதற்கென்றே புராஜெக்டில் ஒரு குறிப்புக் கோப்பு உண்டு. பையன் அதில் மூன்று பக்கம் எழுதியிருந்தான். நீ உலகத்தரம் வாய்ந்த புரோகிராமர், தப்பில்லாமல் எழுது, யோசித்து எழுது என்கிற ரீதியில். அதுவும் ஒவ்வொரு கேள்வியோடும் போகிற சுமைதான். பெரியவர் அருளுரைகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தார். எந்த டேட்டாபேஸ், டெஸ்ட்டை ஓட்டுவது எப்படி, எந்த ஃபோல்டரைத் தொடக்கூடாது என்பதெல்லாம் மிஞ்சின. ‘பிளீஸ்’ ஒன்றை மட்டும் அவர் தொடவில்லை. இந்த பிளீஸ், தேங்க்யூவுக்கெல்லாம் எவ்வளவு செலவு என்ற பேச்சு 2025 ஏப்ரலில் வந்தபோது, சில கோடி டாலர் இருக்கும், நல்ல செலவுதான் என்று ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன் சொல்லியிருந்தார். உலகம் முழுக்கச் சேர்ந்த கணக்கு அது. இந்த மேஜையில் ஒரு பிளீஸுக்கு ஒரு பைசாகூட ஆகாது.

சாய் குடிக்கப் போகிற விஷயம்தான் எனக்குப் புதிது. திரும்பத் திரும்பப் போகும் அதே பகுதியை, கிளாட்டைச் செய்த ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் சர்வரில் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, அடுத்த தடவை பத்தில் ஒரு பங்கு விலைதான் வாங்குகிறார்கள். ஆனால் ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால், வழக்கமான ஏற்பாட்டில், அது கலைந்துவிடும். மறுபடி ஏற்றி வைக்க முழு விலை, அதற்கு மேல் கால் பங்கு. நேரு பிளேஸில் சாய்க்குக் கீழே இறங்கி ஐந்து நிமிடத்தில் மேலே வந்தவர் எவரும் கிடையாது. லிஃப்டுக்கே அது போய்விடும். அதனால் பெரியவர் எழுந்திருக்கும் முன் வேலையை ஓர் இடத்தில் முடித்து, குறிப்பெழுதி, கிளியர் போட்டுவிட்டுப் போகிறார். பையன் நீளமான பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடுகிறான்.

நேற்று மாலை ஒரு சிக்கல். வியாபாரியிடம் சரக்கு திரும்பி வந்தால் என்ன செய்வது என்பது. பையன் ஆங்கிலத்தில் தட்டினான்: ‘ரிட்டர்ன் அமவுண்ட் மைனஸ் ஃப்ரம் ஓல்டு, நாட் நியூ.’ அது பழைய பில்லையே திருத்தி வைத்தது. மறுபடி விளக்கினான். புது பில்லில் போய்க் கழித்தது. மூன்றாவது தடவை கொஞ்சம் கோபத்தோடு. இம்முறை போன மாத வரியில் கை வைத்தது. எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

பெரியவர் நாற்காலியைத் திருப்பினார். “உனக்கு என்னதான் வேணும்? எனக்குச் சொல்லு, தமிழ்ல.”

“திரும்பி வந்த சரக்குக்கு கிரெடிட் நோட் போடணும்ணே. பழைய பில்லைத் தொடக்கூடாது. தொகை அந்த பில்லோட பாக்கியில கழியணும். வரி மட்டும் கிரெடிட் நோட் போட்ட மாசத்துல குறையணும்.” ஒரே மூச்சில் சொன்னான்.

“இதையே அடி.”

“தமிழ்ல அடிச்சா டோக்கன் கூடப் போவும்லாண்ணே?”

அவன் சொன்னது சரிதான். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளிவந்தபோது ஓப்பன்ஏஐயே ஒரு பட்டியல் கொடுத்தது. மாடல் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அதே வாசகம் தமிழில் முன்பு 116 டோக்கனாக இருந்தது, புதிய முறையில் 35 ஆனது. ஆங்கிலத்தில் 27 இருந்து 24 ஆனது. மாடலுக்கு மாடல் இந்த எண் மாறும். ஆனால் தமிழுக்குக் கூடுதல் கட்டணம் என்பது குறைந்ததே தவிர, போகவில்லை. துண்டு போடும் முறை ஆங்கிலம் மிகுந்த எழுத்துக் குவியலைப் பார்த்துப் பழகியது. அடிக்கடி பார்த்த சொல்லை முழுசாக விடும், பார்க்காததை நறுக்கும்.

பெரியவருக்கும் அந்தப் பட்டியல் தெரிந்திருந்தது. “முப்பத்தஞ்சா இருபத்துநாலான்னு பாக்கறே. மூணு தடவை தப்பா கேட்டியே, இருபத்துநாலை மூணால பெருக்கு. அது தப்பா எழுதித் தந்த கோடு வேற, அதுக்கு அஞ்சு மடங்கு ரேட்டு.”

பையன் தமிழில் அடித்தான். கொஞ்ச நேரம் பிடித்தது, விசைகளைத் தேடினான். பதிலில் நான்கைந்து இடத்தில்தான் மாற்றம். ஓட்டிப் பார்த்தான். தொகை பழைய பாக்கியில் கழிந்தது, வரி இந்த மாதக் கணக்கில் குறைந்தது. ஜிஎஸ்டி சட்டம் 34ஆம் பிரிவுப்படியும் அதுதான் சரி.