கறுப்புக் கம்பியை நம்பாதவர்

இங்கிலாந்தில் ஹல் நகரைச் சுற்றியுள்ள கிழக்கு யார்க்‌ஷயரில் கேரவன் கட்டுவது ஊர்த்தொழில். அங்கே ஒரு தகரக் கொட்டகைக்குள், ஊர் வண்டிகளோடு ஒட்டாத ஒன்று நின்றிருந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வின்னபேகோ. ஒன்பது மீட்டர் நீளம், இடப்பக்க ஸ்டியரிங். கட்டில், அடுப்பு, குளியலறை, மைக்ரோவேவ், கூரையில் ஏ.சி. என்று ஒரு வீடே உள்ளே இருக்கிறது. இங்கிலாந்தின் கரண்டை அப்படியே கொடுத்தால் அந்த வீட்டில் பல சாமான்கள் புகைந்துவிடும்.

அமெரிக்க வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பிரிட்டனில், நம் ஊரைப் போலவே, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் குடியேறும் பிள்ளைகளுக்காகச் சென்னைக் கடைகளில் 110 வோல்ட் மிக்ஸி தேடியவர்களுக்கு இந்தத் தகராறு பழக்கமானதுதான். மிக்ஸியைக் கடையிலேயே மாற்றி வாங்கிவிடலாம். சுவருக்குள் ஒயர் ஓடுகிற, சக்கரத்தில் நிற்கிற வீட்டை என்ன செய்வது?

கொட்டகைக்காரர் அறுபதைத் தாண்டியவர். பள்ளி முடித்த கையோடு பக்கத்துக் கேரவன் தொழிற்சாலையில் ஒயரிங் பிரிவில் சேர்ந்தார். ஆலை ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்து, அமெரிக்க வண்டிகளைப் பிரித்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டார். உதவிக்கு இருபத்துச் சொச்சம் வயதில் ஒரு பெண்.

வண்டியில் பாதிக்கு மேல் அவர்கள் தொடவே இல்லை. விளக்கு, தண்ணீர் பம்பு, ஹீட்டரின் காற்றாடி எல்லாம் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. அடுப்பு கேஸில் எரிவது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டியை மட்டும் கழற்றிவிட்டு 230 வோல்ட் சார்ஜர் வைத்தார்கள். ஃப்ரிட்ஜும் சுலபம். அதில் மோட்டாரே கிடையாது. ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பிளாட்டனும் முன்டர்ஸும் 1922இல் கண்டுபிடித்த முறையில், சூட்டைக் கொண்டே குளிர்விக்கிறது. கேஸ் சூடு இல்லாதபோது ஒரு ஹீட்டிங் எலிமென்ட். 120 வோல்ட் எலிமென்ட்டுக்கு 230 கொடுத்தால் மூன்றரை மடங்குக்கு மேல் சூடேறிக் கருகும். எலிமென்ட்டை மாற்றினால் வேலை தீர்ந்தது. சூடேறும் கம்பிக்கு 50, 60 என்ற பேதம் தெரியாது.

ஏ.சி.க்குத் தெரியும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. 60க்குக் கட்டிய மோட்டார் 50இல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். அது மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். 60 ஹெர்ட்ஸில் 120 வோல்ட் வாங்கிய மோட்டாருக்கு 50இல் 100 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் அதன் இரும்புக்குள் சூடாகத் தங்குகிறது. மைக்ரோவேவின் டிரான்ஸ்ஃபார்மருக்கும் இதே கதி. மெயின்ஸ் அலையை எண்ணி ஓடும் கடிகாரமாக இருந்தால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும் என்று அந்தப் பெண் சிரித்தார்.

இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. இல்லாதது கையின் பழக்கம். அமெரிக்காவில் கறுப்பு ஒயர்தான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். கொட்டகைக்காரர் தொழில் கற்ற காலத்துப் பிரிட்டனில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். நம் ஊர் எலக்ட்ரீஷியனுக்கு இன்றும் அப்படித்தான். அதாவது, ஆபத்தில்லை என்று விரல் நம்பித் தொடும் ஒயரில் உயிர் ஓடுகிறது. பிரிட்டன் 2004இல் நிறங்களை மாற்றி, 2006 ஏப்ரலிலிருந்து புது ஒயரிங்குக்குப் பழுப்பையும் நீலத்தையும் கட்டாயமாக்கியது. அந்தப் பெண் கற்றது இவற்றை மட்டும்தான். கறுப்பைப் பற்றி அவர் விரலுக்கு எந்த நம்பிக்கையும் இல்லை. முதலாளிதான் ஒவ்வொரு முறையும் தன் கையைத் தானே தடுக்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு, இந்த வண்டியின் 12 வோல்ட் பக்கத்திலும் கறுப்புதான் பாசிட்டிவ்.

அதனால் அவர் நம்புவது நிறத்தை அல்ல, ஒயரின் உறை கசிகிறதா என்று சோதிக்கும் மெகரை. 1903இல் லண்டன் நிறுவனமான எவர்ஷெட் அண்டு விக்னோல்ஸ் அந்தப் பெயரைப் பதிவு செய்தது. ஆலையிலிருந்து அவர் கொண்டுவந்த பழைய மெகர் கையால் சுற்றுவது. கைப்பிடியைச் சுற்றினால் 500 வோல்ட் பிறக்கும். சான்றிதழில் எழுத டிஜிட்டல் கருவி தனியே இருக்கிறது, ஆனால் முதலில் சுற்றுவது இதைத்தான். ஃப்ரிட்ஜின் கட்டுப்பாட்டு அட்டை, ரேடியோ எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு (மறந்தால் அவை செத்துவிடும்) ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பார்த்தார்கள். உறையின் மின்தடை ஒரு மெகா ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது. அலமாரிப் பக்கத்து சர்க்யூட்டில் முள் கீழே விழுந்தது. பலகைகளைக் கழற்றினால், அலமாரியை முடுக்கிய ஸ்குரூ ஒன்று ஒயரின் தோலைக் கிழித்துக்கொண்டு நின்றது. இத்தனை வருடம் எப்படித் தப்பித்தது என்று யாரும் கேட்கவில்லை.

அமெரிக்க ஒயரின் உறை 600 வோல்ட் தாங்கும் என்பதால், அதிலேயே 230ஐ விட்டுவிடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒற்றைக் கம்பி. ஓடும் வண்டியின் அதிர்வுக்குப் பிரிட்டிஷ் விதி பல இழை ஒயரைக் கேட்கிறது. அதனால் இவர் 230க்குத் தனி வழி இழுக்கிறார்: புது ஒயர், பிரிட்டிஷ் சாக்கெட், 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழும் டிரிப்பர், ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் பிரேக்கர். ஐரோப்பியக் கேம்ப்களில் இரண்டும் இடம் மாறி வருவது சகஜம் என்பதால் ஒன்றை மட்டும் வெட்டினால் போதாது. பழைய 120 வழி தன் பாட்டுக்குத் தனியே இருக்கும்.

மஞ்சள் பெட்டியைப் பற்றிக் கேட்டதும் அவர் குரல் மாறியது. கட்டடத் தொழிலாளரின் டிரில்லுக்காகப் பிரிட்டனில் விற்கும் 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் அது. சில வியாபாரிகள் இறக்குமதி வண்டியின் சாமான் அறையில் அதை வைத்து, “இங்கிலாந்துக்கு மாற்றியாயிற்று” என்று விற்றுவிடுகிறார்கள். அதில் எர்த் நடுவில் இருக்கும். இரு ஒயரிலும் ஐம்பத்தைந்து ஐம்பத்தைந்தாக வோல்ட் நிற்கும். அமெரிக்க பிரேக்கரோ கறுப்பை மட்டும் வெட்டும். வெள்ளை உயிரோடே இருக்கும். பெட்டியும் விட்டுவிட்டு ஓட்டுவதற்கு உரியது, ராத்திரி முழுக்க ஏ.சி.யைச் சுமக்க அல்ல. பெட்டியின் விலை மலிவு, இவரைப் போன்றவர்களின் கூலி அதிகம். இந்த வித்தியாசம் வியாபாரியின் பைக்குப் போகிறது. தீப்பிடித்தால் வெந்துபோவது வாங்கியவரின் வண்டி. வாங்குபவர் மெகர் சான்றிதழைக் கேட்டாலே இந்த வியாபாரத்தில் பாதி நின்றுவிடும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

 

கடைசியாக மிஞ்சியது ஏ.சி. வண்டியிலிருக்கும் ஓனன் ஜெனரேட்டர் தானே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கொடுப்பதால் அதைப் பழைய வழியோடு மட்டும் இணைத்து, இரண்டு கரண்டும் எந்த நிலையிலும் சந்திக்காதபடி ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்தார். ஜெனரேட்டர் ஓடும்போது ஏ.சி.யும் மைக்ரோவேவும் அயோவாவில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். யார்க்‌ஷயர் வெயிலுக்கு இது தாராளம். வண்டிக்காரரோ கோடையில் ஸ்பெயின் போகிறவர். ராத்திரியில் ஜெனரேட்டர் ஓட்ட எந்த கேம்ப் விடும்? நீல நிற 16 ஆம்பியர் பிளக்கில் 3,680 வாட் கிடைக்கும். பழைய 30 ஆம்பியர் அமெரிக்க இணைப்பின் 3,600க்குச் சமம்தான். 230 வோல்ட் ஏ.சி. வைத்தால் அதிலேயே ஓடும். ஆனால் அமெரிக்கக் கூரைத் துளை 14 அங்குலச் சதுரம், பல ஐரோப்பிய ஏ.சி.களுக்கு 40 சென்டிமீட்டர் வேண்டும்.

வண்டிக்காரர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வெட்டச் சொல்லிவிட்டார்.