குனிவதற்கும் ஒரு முறை உண்டு

சென்ற தவக்காலத்தில், திருநீற்றுப் புதனுக்கு முந்திய மாலை, நமது ஆலயத்தின் நீண்ட மரப் பெஞ்சு ஒன்றை நகர்த்திப் போட எண்ணினோம். கோயிற்பிள்ளை வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. பாதங்களை அசைக்காமல், இடுப்பை மட்டும் திருப்பி, ஒரே வீச்சில் தூக்கினோம். கீழ்முதுகில் பாய்ந்த வலி நின்ற இடத்திலேயே நம்மைக் கட்டிப்போட்டது. மறுநாள் நாற்காலியில் அமர்ந்தே சாம்பல் பூசினோம். மூன்று மாதங்கள் கடந்த பின்னும் எழுந்தேற்றத்தின்போது கைகள் முழுவதும் உயரவில்லை. முழந்தாளிட்டால் எழ இயலவில்லை. ஐம்பத்தாறு வயதிலேயே பங்குப் பணியை விட்டு விலக நேருமோ என்ற அச்சம் இரவுகளில் நம்மை வாட்டியது.

எக்ஸ்ரே படங்களைப் பார்த்த மருத்துவர், "அறுவைச் சிகிச்சை வேண்டியதில்லை, ஆனால் படுத்தே கிடக்காதீர்கள், அளவோடு அசையுங்கள்" என்றார். எளிய அறிவுரைதான். ஆயினும் எப்படி அசைவது என்பதை ஐம்பத்தாறு ஆண்டுகளாக நாம் கற்கவேயில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று. அதைக் கற்கத்தான் மயிலாப்பூருக்குச் செல்லத் தொடங்கினோம்.

1516-ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டைக் கொண்ட பிரகாச மாதா ஆலயத்தைக் காட்டுக் கோயில் என்று முன்னோர் அழைப்பர். அங்கே சற்று மன்றாடிவிட்டு, லஸ் முனையிலிருந்து தெற்கே நடப்பது நமது வழக்கமாயிற்று. கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தை ஒட்டிச் செல்லும் இராமகிருஷ்ண மடம் சாலை மந்தைவெளிக்குக் கொண்டு சேர்க்கும். அங்கே இராமகிருஷ்ண நகரில் அமைந்துள்ளது கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம்.

1888-இல் பிறந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், மைசூர் அரண்மனையில் யோகம் பயிற்றியவர். பக்கவாதத்தால் தளர்ந்த சட்ட அறிஞர் ஒருவருக்கு உதவ 1952-இல் சென்னைக்கு அழைக்கப்பட்டு, இந்நகரிலேயே தங்கிவிட்டார். பொறியியல் பயின்ற அவருடைய மைந்தர் தேசிகாச்சார் 1976-இல் இந்நிலையத்தை நிறுவினார். பயிற்சிக்காக மனிதரை வளைக்கலாகாது, மனிதருக்கு ஏற்பப் பயிற்சியை மாற்ற வேண்டும் என்பதே தந்தையும் மைந்தரும் போற்றிய நெறி. தொண்ணூற்றாறாம் வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது, படுக்கையிலேயே செய்யத்தக்க பயிற்சியொன்றை முதியவர் தமக்கென அமைத்துக்கொண்டாராம். நூறு வயதைக் கண்டு 1989-இல் மறைந்தார்.

முதல் நாள், தலைகீழாக நிற்கச் சொல்வார்களோ என்று அஞ்சியே சென்றோம். ஆசிரியையோ, நாம் நாற்காலியில் அமர்வதையும் எழுவதையும் மட்டுமே சில முறை பார்த்தார். "எழும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள், ஐயா" என்றார். அவ்வளவுதான்! மூச்சை உள்ளிழுக்கும்போது கைகளை மெல்ல உயர்த்துவது, வெளிவிடும்போது தாழ்த்துவது. மல்லாந்து படுத்து, மூச்சை வெளிவிட்டபடி முழங்கால்களை மார்பை நோக்கி இழுப்பது. நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம். நமது விசுவாசத்திற்கு இடறலாகும் எதையும் அங்கு எவரும் நம்மிடம் கேட்கவில்லை.

பெஞ்சு ஏன் நம்மை வீழ்த்தியது என்பதும் அங்கே தெளிவாயிற்று. கீழ்முதுகின் ஐந்து முள்ளெலும்புகளே மேலுடலின் பாரத்தைத் தாங்குகின்றன. சுமையை உடலுக்கு அருகில் வைத்துத் தூக்கினால் அவற்றுக்குத் தொல்லை குறைவு. கையை நீட்டித் தூக்கினாலோ, நெம்புகோலின் நீளம் கூடுவதுபோல், முதுகின் தசைகள் சுமையைப்போல் பல மடங்கு விசையுடன் இழுக்க வேண்டியுள்ளது. அத்துடன் இடுப்பையும் திருப்பினால் கேட்கவா வேண்டும்?

இந்த நோவு நமக்கு மட்டும் வாய்த்ததன்று. 2020-இல் உலகில் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியால் துன்புற்றனர் என்பது உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்காட்டும் கணக்கு. நாட்பட்ட வலிக்கு உடற்பயிற்சியையும், வலியைப் பற்றிய தெளிவான அறிவையும் அந்நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. நிற்க. கால் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல், சிறுநீரை அடக்க இயலாமை, காய்ச்சலுடன் கூடிய முதுகுவலி, விழுந்தபின் வரும் கடும் வலி ஆகியவை கண்டால், பயிற்சியை நம்பியிராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பாடம் முடிந்து திரும்பும் வழியில், லஸ் பகுதியின் நாகேசுவர ராவ் பூங்காவில் சற்று அமர்வோம். 1893-இல் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கிய பெரியாரின் பெயரைத் தாங்கிய பூங்கா அது. அந்த மஞ்சள் தைலத்தின் மணம் அறியாத தமிழ் இல்லம் உண்டோ? தைலம் நோவைத் தணிக்கும். குனியக் கற்றுத் தராது. அதைக் கற்றுத் தந்தவர் தெருக்குழாயடியில் நாம் கண்ட ஒரு தாய். நிறைகுடத்தின் அருகே வந்து, முழங்கால்களை மடக்கி, குடத்தை மார்போடு அணைத்து, எழுந்த பின்னரே பாதங்களைத் திருப்பி நடந்தார். எந்த நிலையத்திலும் அவர் பயின்றிருக்க மாட்டார். அடுத்த நடையில் குடத்தை மறு இடுப்பிற்கு மாற்றிக்கொண்டதையும் கவனித்தோம்.

ஆனால், தன் உடலைத் தான் விரும்பியவாறு அசைக்கும் உரிமையே இல்லாதவர் என் செய்வர்? இக்கேள்வி தியாகராய நகரில் எழுந்தது. நமது பங்கைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி அங்கே ஒரு துணிக்கடையில் பணிபுரிகிறாள். "காலையிலிருந்து இரவு வரை நின்றபடியேதான், சாமி. கால் நரம்பெல்லாம் புடைத்துவிட்டது" என்று அவள் கூறியபோது, நமது மூச்சுப் பயிற்சியைப் பற்றி வாய் திறக்க நமக்கு நாணமாயிற்று. கடைப் பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி அளிக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. பணியிடையே வாய்ப்பு நேரும்போதெல்லாம் அமரும் உரிமையை அச்சட்டம் தருகிறது. சட்டம் வந்தது நன்று. இருக்கை வந்ததா என்று பார்ப்பது யார் கடன்? புடவை வாங்கச் செல்லும் நாம், நம் முன் நிற்பவளுக்கு அமர ஓர் இடமுண்டா என்று கடைக்காரரிடம் ஒரு சொல் கேட்கலாமே! நம் வீட்டில் தரை பெருக்கும் பெண்ணுக்கு நீண்ட கைப்பிடியுள்ள துடைப்பம் வாங்கித் தருவதும் நம்மால் ஆகாததன்று.

ஆகஸ்டு 29 அன்று பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்தின் கொடியேற்றத்திற்கு நகரின் நாற்புறமிருந்தும் மக்கள் நடந்தே வருவர். இவ்வாண்டு அடையாற்றிலிருந்து நாமும் அவர்களோடு நடந்தோம். வேகமாக அன்று, மூச்சு அனுமதித்த வேகத்தில். களைத்தபோது வழியோரத் திண்ணையில் அமர்ந்தோம். கொடி ஏறியபோது, ஒரு கையால் கம்பியைப் பற்றி, மூச்சை வெளிவிட்டபடி முழந்தாளிட்டோம். எழவும் முடிந்தது. வலி முற்றும் நீங்கிற்று என்று கூறமாட்டோம். மழைக்கால விடியல்களில் அது வந்து எட்டிப் பார்ப்பதுண்டு. ஆயினும் அதைக் கண்டு இப்போது அஞ்சுவதில்லை. அருகில் ஒரு பாட்டி, முழந்தாளிட இயலாமல் கண்கலங்கி நின்றார். "அமர்ந்தே செபியுங்கள், அம்மா; அன்னை மறுக்கமாட்டாள்" என்று இருக்கையில் அமர்த்தினோம்.

அன்புக்குரிய குடும்பங்களே, உடல் இறைவன் தந்த கொடை என்று பிரசங்கத்தில் பல்லாண்டு கூறி வந்தோம். அக்கொடையைக் கையாளும் விதத்தை மட்டும் மறந்திருந்தோம். நாளை காலை எரிவாயு உருளையை நகர்த்தும்போதும், குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கும்போதும், ஒரு கணம் நின்று, அருகில் சென்று, முழங்காலை மடக்கி, மூச்சை விடுங்கள். துணைக்கு ஒருவரை அழைப்பதில் இழுக்கில்லை.

நமது மரப் பெஞ்சு பாதி நகர்ந்த நிலையிலேயே ஆறு மாதம் கோணலாகக் கிடந்தது. சென்ற சனியன்று அதை நேராக்கினோம். ஒரு முனையில் நாம்; மறுமுனையில் கோயிற்பிள்ளை.