மூன்று முனை நட்சத்திரமும் நான்கு வளையல்களும்



"பென்ஸ் காரில் வந்திறங்கினார்" என்று நம் ஊரில் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால், அவருடைய செல்வநிலையை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காரின் மூன்று முனை நட்சத்திரம் நம் மக்களுக்குப் புதியதுமன்று. 1954-ஆம் ஆண்டு தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் டாடா நிறுவனத்தார் அந்த ஜெர்மன் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரிகள் செய்தார்கள். அவற்றின் முகப்பில் இருந்த நட்சத்திரத்தை நம் தந்தையர் தலைமுறை நன்கறியும். சென்னையை அடுத்த ஒரகடத்தில் 2012-இல் அதே ஜெர்மானியரின் லாரித் தொழிற்சாலை திறக்கப்பட்டது.

ஆயினும் அந்த நட்சத்திரத்தின் பின்னே தீர்க்கப்படாத கணக்குகள் சில உண்டு என்பதை, ஸ்டுட்கார்ட் நகருக்குச் சென்ற பிறகே நான் அறிந்தேன். என் மனைவியின் தம்பி அங்கே பணியில் இருக்கிறார். அவருடைய அழைப்பின் பேரில் கிட்டிய பயணம் அது. கண்டதையும் கேட்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இறுதியில் ஒரு கேள்வி காத்திருக்கிறது. அது என்னிடம் கேட்கப்பட்டது, உங்களுக்கும் உரியது.

மலைச்சரிவுகளில் திராட்சைத் தோட்டங்களும், பள்ளத்தாக்கில் நெக்கர் ஆறும், கரைநெடுகத் தொழிற்சாலைகளுமாகக் காட்சியளிக்கும் நகரம் ஸ்டுட்கார்ட். ஆற்றங்கரைப் பகுதியில், உன்டர்டுர்க்ஹைம் தொழிற்சாலையின் வாயிலருகே 2006-இல் திறக்கப்பட்ட மெர்சிடிஸ்-பென்ஸ் அருங்காட்சியகம் ஒன்பது தளங்களில் உயர்ந்து நிற்கிறது. மின்தூக்கியில் உச்சித் தளத்துக்கு ஏறி, அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கும் சரிவுப் பாதையில் வரலாற்றைக் கண்டபடி கீழே வரவேண்டும். முதலில் நம்மை வரவேற்பது காரன்று, ஒரு வெள்ளைக் குதிரையின் உருவம்! மனிதன் குதிரையை நம்பியிருந்த காலத்திலிருந்து கதை தொடங்குகிறது.

மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் என்பவர், பெட்ரோலிய எரிபொருளால் ஓடும் மூன்று சக்கர வண்டிக்கு 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமை கோரினார். அதே ஆண்டில், ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் இருந்த கான்ஸ்டாட்டில் காட்லீப் டைம்லர், ஒரு குதிரை வண்டியில் தம் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார். பின்னாளில் இருவருடைய நிறுவனங்களும் போட்டியிட்டு வளர்ந்து, 1926-இல் ஒன்றாயின.

"மெர்சிடிஸ்" என்பது ஒரு சிறுமியின் பெயர். டைம்லர் கார்களை வாங்கி விற்ற எமில் யெல்லினெக் என்ற வணிகர், 1900-இல் தம் மகளின் பெயரைப் புதிய காருக்குச் சூட்டினார். ஸ்பானிய மொழியில் அருள், கருணை என்னும் பொருள் தரும் சொல் அது. 1909-இல் பதிவு செய்யப்பட்ட நட்சத்திரத்தின் மூன்று முனைகளோ நிலம், நீர், வானம் மூன்றிலும் தங்கள் எஞ்சின் ஓடவேண்டும் என்ற வேட்கையின் அடையாளம்.

கீழே இறங்க இறங்க மனம் கனத்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்நிறுவனம் நாஜி அரசின் போர்த்தளவாடங்களைச் செய்தது. 1944-இல் அதன் 63,610 பணியாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கட்டாய உழைப்பாளிகள், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள் என்று நிறுவனமே தன் வரலாற்றில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 1988-இல்தான் அது 2 கோடி மார்க் இழப்பீடு வழங்க முன்வந்தது. 2000-இல் ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து 1,000 கோடி மார்க்கில் ஓர் இழப்பீட்டு அறக்கட்டளையை நிறுவின. அதற்குள் அந்த உழைப்பாளிகளில் எத்தனையோ பேர் மண்ணுக்குள் சென்றிருந்தனர். வியர்வை உலருமுன் கூலி தரவேண்டும் எனக் கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தரப்படும் கூலி எத்தனை கைகளைத்தான் சென்றடையும்?

அங்கே மனதுக்கு ஆறுதலளித்தது ஒரு டாக்சியின் கதை. கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகர ஓட்டுநர் கிரிகோரியோஸ் சாகினிடிஸ், 1976-இல் தயாரான ஒரு 240 டீசல் காரை 1981-இல் பழைய வண்டியாக வாங்கினார். 2004-இல் அதை இந்த அருங்காட்சியகத்துக்கு அளித்தபோது அது 46 லட்சம் கி.மீ. ஓடியிருந்தது. பூமியை நூறு முறைக்கு மேல் சுற்றிவரும் தூரம்! காரின் உறுதி பாதி என்றால், ஓயாமல் பழுதுநீக்கிப் பேணிய அந்த ஓட்டுநரின் கை மறுபாதி அன்றோ?

மறுநாள் வெள்ளிக்கிழமை. முன்பு பட்டறையாக இருந்த ஒரு கட்டடமே அப்பகுதியின் பள்ளிவாசல். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மைத்துனர் ஒரு துருக்கியப் பெரியவரை அறிமுகம் செய்துவைத்தார். துருக்கியும் மேற்கு ஜெர்மனியும் 1961 அக்டோபரில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் இங்கு வந்தார்கள். இவர் 1971-இல், பத்தொன்பது வயதில், இஸ்தான்புல்லில் உடல் பரிசோதனை முடித்து, ரயிலேறி மியூனிக் நிலையத்தின் 11-ஆம் நடைமேடையில் வந்திறங்கியவர். பென்ஸ் தொழிற்சாலையில் கார்க் கூடுகளைப் பற்றவைக்கும் பிரிவில் முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். என்னை "ஹோஜம்" என்று அழைத்தார். "என் ஆசிரியரே" என்று பொருளாம்.

"பென்ஸின் கதையைத் தெரிந்துகொள்ள அருங்காட்சியகம் மட்டும் போதாது, ஹோஜம். நாளை என் காரில் வாருங்கள், அந்த அம்மா போன பாதையிலேயே அழைத்துச் செல்கிறேன்" என்றார். மைத்துனர்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்.

அவருடைய காரும் ஒரு 240 டீசல்தான். 1976-இல் அறிமுகமாகிப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 27 லட்சம் கார்கள் செய்யப்பட்ட வரிசையைச் சேர்ந்தது. 1979-இல் தயாரான அதை 1983-இல் அவர் வாங்கினார். ஆறு லட்சம் கி.மீ.க்கு மேல் ஓடியும் எஞ்சின் முனகவில்லை. பழைய டீசல் வண்டிகளுக்கு ஸ்டுட்கார்ட்டில் தடை உண்டு. முப்பது ஆண்டுகளைக் கடந்து நன்னிலையில் இருப்பதால், "வரலாற்றுச் சின்னம்" என்பதைக் குறிக்கும் சிறப்பெழுத்தை எண்பலகையில் தாங்கி இது விதிவிலக்குப் பெற்றிருக்கிறது.

பெரியவர் "பிஸ்மில்லாஹ்" என்று சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே கிளம்பவில்லை. முகப்பில் ஒரு சிறு விளக்கு எரிந்தது. எஞ்சினின் உட்புறம் சூடேறி அந்த விளக்கு அணையும்வரை காத்திருக்க வேண்டும்; கடுங்குளிரில் அரை நிமிடம்கூட ஆகலாம். "இந்த வண்டி எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம் பொறுமை" என்று சிரித்தார். 72 குதிரைத்திறன் மட்டுமே கொண்டதால் மேட்டில் மெல்லத்தான் ஏறும். எஞ்சினை நிறுத்துவதும் கதவுகளைப் பூட்டுவதும் காற்றை உறிஞ்சும் மெல்லிய குழாய்களின் வேலை. ஒரு குழாயில் ஓட்டை விழுந்தால் சாவியை எடுத்த பின்னும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்குமாம். குளிர்காலச் சாலையில் தூவும் உப்பு இரும்பை அரிப்பதால், ஆண்டுதோறும் அடிப்பாகத்தைத் தாமே கழுவி, துருவைச் சுரண்டிப் பூச்சு பூசுகிறார். தவணை தவறாமல் எண்ணெய் மாற்றுவதுதான் வண்டியின் நீண்ட ஆயுளின் ரகசியம் என்றார்.

மன்ஹைமுக்கு நெடுஞ்சாலை வழியே சென்று, அங்கிருந்து பழைய பாதையில் தெற்கே திரும்பினோம். 1888 ஆகஸ்டில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவருக்குச் சொல்லாமலே இரு மகன்களுடன் அந்த மூன்று சக்கர வண்டியில் தம் பிறந்த ஊரான ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்ட பாதை அது. தூரம் 100 கி.மீ.க்குச் சற்று அதிகம். அதுவரை காரில் எவரும் நெடுந்தூரம் சென்றதில்லை. இப்போது அப்பாதை அவருடைய பெயரிலேயே நினைவுப் பாதையாக விளங்குகிறது.

வீஸ்லோக் என்னும் ஊரில் இறங்கினோம். எரிபொருள் தீர்ந்த பெர்த்தா இவ்வூர் மருந்துக்கடையில்தான், கறை நீக்கப் பயன்பட்ட லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி வண்டியில் ஊற்றினார். உலகின் முதல் பெட்ரோல் நிலையம் எனப் பெருமை கொண்டாடும் அக்கடையின் முன் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சீர்செய்தார். மேடுகளில் பிள்ளைகள் வண்டியைத் தள்ளினர். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் பொருத்திக்கொண்டார். அந்தி சாய்ந்தபின் ஊர் சேர்ந்து கணவருக்குத் தந்தி கொடுத்தார்.

இந்தத் துணிவைவிட என்னைச் சிந்திக்கவைத்தது வேறொன்று. திருமணத்துக்கு முன்பே, கூட்டாளியின் பிடியிலிருந்து கார்லின் பட்டறையை மீட்பதற்குத் தம் திருமணத்துக்கென ஒதுக்கப்பட்ட பணத்தைத் தந்தவர் பெர்த்தா. காப்புரிமையிலோ அவருடைய பெயர் இல்லை. கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கல்லூரி பெர்த்தாவுக்கு மதிப்புறு பட்டம் வழங்கிய நாள் 1944 மே 3. அவருடைய 95-ஆவது பிறந்தநாள். இரண்டு நாட்களில் அவர் மறைந்தார்.

ஃபோர்ட்ஸ்ஹைமை அடைந்தோம். 1767 முதல் நகைத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். "தங்க நகரம்" என்றே அழைக்கிறார்கள். ஒரு நகைக்கடை அருகே காரை நிறுத்திய பெரியவர் இறங்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னே மின்னிய வளையல்களைப் பார்த்தபடி இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"பன்னிரண்டு ஆண்டுகள் பிறருக்காகக் கார் செய்தேன், ஹோஜம். எனக்கென்று ஒன்று வாங்கப் பணம் போதவில்லை. என் மனைவி திருமணத்தன்று அணிந்த நான்கு தங்க வளையல்களைக் கழற்றித் தந்தாள். அவற்றை விற்றுத்தான் இதை வாங்கினேன். கோடைதோறும் ஆஸ்திரியா, யூகோஸ்லாவியா, பல்கேரியா கடந்து மூன்று நாள் ஓட்டி ஊருக்குப் போவோம். அவள் பக்கத்தில் இருந்து ஆப்பிள் நறுக்கித் தருவாள். அவள் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் மார்க்கம் கற்பிப்பவர், சொல்லுங்கள். அந்த வளையல்கள் என் மீது கடனா?"

நான் அறிந்ததைச் சொன்னேன். மனைவியின் செல்வம் மனைவிக்கே உரியது. மனமுவந்து அன்பளிப்பாகத் தந்திருந்தால் அது கணவனுக்கு ஆகுமானது. கடனாகத் தந்திருந்தால் அது அவன் தீர்க்க வேண்டிய கடன். அவள் மறைந்துவிட்டால் அத்தொகை அவள் விட்டுச்சென்ற சொத்தில் சேரும். பிள்ளைகள் இருப்பின் கணவனுக்குரிய கால் பங்கு போக, எஞ்சியது மற்ற வாரிசுகளைச் சாரும்.

"அன்பளிப்பா, கடனா என்று நான் கேட்கவேயில்லை" என்றார் பெரியவர். "தந்தாள், வாங்கிக்கொண்டேன். கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை."

"உங்கள் மகள்களை அழைத்து நடந்ததைச் சொல்லுங்கள். அவர்கள் பொருந்திக்கொண்டால் நல்லது. இல்லையேல் கணக்குத் தீர்த்துவிடுங்கள். மனம் அமைதி பெறும்" என்றேன்.

இதை மொழிபெயர்க்கத் தொடங்கிய என் மைத்துனர், பாதியில் நிறுத்தி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தொடர்ந்து சொல்லி முடித்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு விளங்கிற்று. என் தங்கையின் திருமணத்துக்காக அவருடைய அக்காள் ஐந்து சவரன் சங்கிலியைக் கழற்றித் தந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஃபத்வா சொல்லத் தெரிந்த எனக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை. ஸ்டுட்கார்ட் திரும்பும்வரை மூவரும் அதிகம் பேசவில்லை. டீசல் எஞ்சினின் சீரான ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்பு வாசகர்களே! உயிரோடிருப்பவர்களின் கணக்கைத் தீர்க்க நமக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. நம் இல்லங்களில் வளைகுடா விசாவுக்காக, கடை முதலுக்காக, வீட்டு மனைக்காக, நாத்தனாரின் திருமணத்துக்காகக் கழன்ற வளையல்கள் எத்தனை! அவற்றால் வாங்கியவை நம் பெயரில் நிற்கின்றன. தந்தவளிடம் "இது அன்பளிப்பா, கடனா?" என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? அவள் வாய்திறந்து கேட்கவில்லை என்பதற்காக அவளுடைய ஹக்கு நம்மைவிட்டு நீங்கிவிடாது.

ஊர் திரும்பிய இரவு, பிள்ளைகள் உறங்கிய பின் என் மனைவியிடம் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். "இப்பவாவது கேட்டீங்களே" என்றாள். பிறகு, "கடன்தான்" என்றாள்.

இப்போது மாதந்தோறும் ஒரு தொகையைத் தனியே எடுத்துவைக்கிறோம். அவளுடைய பெயரில் ஒரு குறிப்பேடும் இருக்கிறது. வல்ல அல்லாஹ், பிறர் உரிமைகளை இம்மையிலேயே தீர்த்துச் செல்லும் நற்பேற்றை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.