வயிறும் வாயும்

நாஞ்சில் நாட்டில் உணவைப் பற்றிப் பேசத் தயங்குவார் எவருமிலர். தீயலின் பக்குவம், எரிசேரியின் மணம் என்று மணிக்கணக்கில் பேசுவோம். உண்டது வெளியேறும் வழியைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. அந்தக் கூச்சம் உயிரையே கேட்கும் என்பதைப் பெரியப்பாவின் நோயில் கண்டோம்.

மலத்தோடு குருதி போவதை ஏழு மாதம் அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. "மூலம்னு நெனச்சேன் மக்களே" என்றார் பிற்பாடு. மூலமும் குடல் புற்றும் தொடக்கத்தில் ஒரே முகம் காட்டக்கூடியவை. சோதித்துப் பார்த்தாலன்றி வேறுபாடு தெரியாது. பெருங்குடல் புற்றுகளில் பெரும்பாலானவை 'பாலிப்' எனும் சிறு திரட்சியாகத் தோன்றிப் பல ஆண்டுகள் கழித்தே புற்றாகின்றன. அந்நிலையில் கண்டுவிட்டால், கொலனோஸ்கோப்பிக் குழாய் வழியாகவே பெரும்பாலும் அகற்றிவிடலாம். வயிற்றைக் கீற வேண்டுவதில்லை.

கத்திக்கு அஞ்சிய நாடன்று இது. நெய்யூரில் லண்டன் மிஷனின் மருத்துவப்பணி 1838இல் தொடங்கியது. 1922இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற சோமர்வெல், அப்பயணம் முடிந்தபின் நெய்யூருக்கு வந்தார். காத்துக் கிடந்த நோயாளர் கூட்டத்தைக் கண்டு, இங்கேயே பணியேற்றார். இரைப்பை, முன்சிறுகுடல் புண்களுக்கான அறுவையில் பெயர்பெற்றார். அவரிடம் அன்றே வயிற்றைத் திறக்கக் கொடுத்தவர்கள் எங்கள் முன்னோர். வாயைத் திறக்கத்தான் நாங்கள் இன்றும் தயங்குகிறோம்.

கட்டி பெருங்குடலில் இருந்தால், அப்பகுதியை அதைச் சார்ந்த நிணநீர் முடிச்சுகளோடு வெட்டியெடுத்து, எஞ்சிய இரு முனைகளையும் பெரும்பாலும் இணைத்துவிடுவர். பெரியப்பாவுக்கோ ஆசனவாயை ஒட்டி, மலக்குடலின் அடியில் இருந்தது. அங்கே இணைக்க இடமில்லை. 1908இல் லண்டன் மருத்துவர் மைல்ஸ் விவரித்த முறையை அடியொற்றிய அறுவையே வழி. ஆசனவாயும் அகற்றப்பட்டு, குடலின் முனை வயிற்றின் இடப்புறம் வெளியே கொணரப்பட்டது. அதன்மேல் ஒரு பை.

நோய் அகன்றது, கூச்சம் அகலவில்லை. நாற்றம் வருமோ, ஓசை கேட்குமோ என்று ஓராண்டு அவர் எந்தக் கல்யாணப் பந்தியிலும் அமரவில்லை. பையை மாற்றப் பெரியம்மைதான் முதலில் கற்றுக்கொண்டார். பிறகு அவரும் கற்றார்.

மறுஆண்டு ஒரு கல்யாண வீட்டில், ஏன் இளைத்துவிட்டீர் என்று உறவினர் ஒருவர் கேட்க, பெரியப்பா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். பந்தி கலைந்தபின் அவ்வுறவினர் அவரைத் தனியே அழைத்து, "எனக்கும் ரெண்டு மாசமா ரெத்தம் போவுது அண்ணாச்சி" என்றார். அடுத்த வாரமே இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் போனார்கள். அது வெறும் மூலம்தான் என்று தெரிந்தது.