மூச்சுக்கும் வேண்டும் மறுவாழ்வு

எங்கள் சித்தப்பா முப்பது ஆண்டுகள் நகராட்சித் தெருக்களைக் கூட்டியவர். தெருப் புழுதியும் குப்பைமேட்டுப் புகையும் அவர் நெஞ்சுக்குள் இறங்கின. இப்போது அவருக்கு சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்.

மருத்துவமனையில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "பீடி குடிப்பியா?" அறுபது வயதுக்காரரை ஒருமையில். "இல்லைங்க" என்றார். "சரக்கு?" என்பது அடுத்த கேள்வி. என்ன வேலை பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. புகைப்பழக்கம் இந்நோய்க்கு முக்கியக் காரணம்தான். ஆனால் வேலையிடத்துத் தூசும் விறகடுப்புப் புகையும் கூடக் காரணங்களே. அந்தக் கேள்வி நோயைத் தொழிலாளியின் 'கெட்ட பழக்கம்' ஆக்கிவிடுகிறது. வேலை கொடுத்தவர் தப்பித்துக்கொள்கிறார்.

இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று ஒன்று இருப்பதைப் பிசியோதெரபி படித்த தோழி சொல்லித்தான் அறிந்தோம். முதலில், ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று அளப்பார்கள். பிறகு வாரம் இரண்டு மூன்று நாள் என ஆறு முதல் எட்டு வாரமாவது நடை, கை கால் தசைகளுக்கான பயிற்சி, மூச்சுப் பயிற்சி, இன்ஹேலரைச் சரியாக இழுக்கும் முறை. கெட்டுப்போன நுரையீரல் இதனால் சரியாகிவிடாது. ஆனால் மூச்சுத்திணறல் குறையும், நடக்கும் தூரம் கூடும். மூச்சு வாங்குமே என்று பயந்து உட்கார்ந்தே இருந்தால் தசைகள் இளைக்கும்; பிறகு சின்ன வேலைக்கே மூச்சு வாங்கும். இந்தச் சுழலைப் பயிற்சி உடைக்கிறது.

"மூக்கால இழுங்க. விளக்குச் சுடர் அணையாம அசையுற மாதிரி, உதட்டைக் குவிச்சு மெதுவா விடுங்க" என்றார் தோழி. டீக்கடை வரை நாலு தடவை நின்று போன சித்தப்பா இப்போது ஒரு தடவைதான் நிற்கிறார்.

இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். பேருந்துக் காசும் நேரமும் வேண்டும். துணைக்குப் போன சித்திக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போனது. அவரும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். பாதியில் நிறுத்திவிட்டு, மீதியைத் தோழியின் மேற்பார்வையில் எங்கள் தெருவிலேயே செய்தோம்.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டத்தின் பெயரிலேயே 'மறுவாழ்வு' இருக்கிறது. மலக்குழி மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையே போராடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. தெருக் கூட்டி, ஆண்டுக்கணக்கில் மூச்சை இழப்பவர்களோ எந்தக் கணக்கிலும் இல்லை. ராஜஸ்தான் அரசு 2019-இல் சிலிக்கோசிஸ் உள்ளிட்ட தூசி நோய்களுக்குத் தனிக் கொள்கையே கொண்டுவந்து, உதவித்தொகையும் அறிவித்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

தோழர்களே, அடுத்த முறை குடியிருப்புகளில் கணக்கெடுக்கப் போகும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: என்ன வேலை? எத்தனை ஆண்டு? நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்? அந்தப் பதில்களோடு நகராட்சியிடம் போவோம். நுரையீரல் பரிசோதனையும் மறுவாழ்வுப் பயிற்சியும் வேலை நேரத்தில், கூலி பிடிக்காமல் கிடைக்க வேண்டும் என்று கேட்போம்.

ஜெய்பீம்.